எடுத்துக் கொடுக்காத வசனம்

ஓசூரில் எதற்கும் கிளாஸ் உண்டு. அபாகஸ், கீபோர்டு, கராத்தே, பரதநாட்டியம், இந்தி, இங்கிலீஷ், கேக் செய்வது, ஆரி வேலை போடுவது, வீட்டில் உட்கார்ந்தபடியே பங்கு வாங்கி விற்பது. எங்கள் தெருமுனையில் தொடங்கி பஸ் ஸ்டாண்டு வரைக்கும் மின்கம்பத்துக்கு ஒன்றாகப் பலகை கட்டியிருக்கிறார்கள். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன். இருந்தும் ஒரு மாதம் அந்தப் பலகைகளுக்கு முன்னால் நின்று நின்று ஒன்றுவிடாமல் படித்தேன். நடிப்பு என்ற சொல் ஒரு பலகையிலும் இல்லை. எனக்கு அப்போது அறுபத்தாறு வயது முடிந்திருந்தது. நடிப்புக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று இருந்தேன்.

எதற்கு என்று கேட்பார்கள். எல்லோரும் கேட்டார்கள். அதையும் சொல்லிவிடுகிறேன்.

பேரிகைப் பக்கம் ஒரு ரோஜாப் பண்ணையில் பதினோரு வருடம் வேலை செய்தேன். பூ வெட்டி, அடி முள்ளை உருவி, இருபது இருபதாக அடுக்கி அட்டையில் சுற்றுகிற வேலை. நான் வேலையை விட்ட வருடம் அங்கே ஒரு விளம்பரம் எடுக்க வந்தார்கள். உரக் கம்பெனி விளம்பரம். கேமராவுக்குக் கூச்சப்படாத வயதான அம்மா ஒருத்தர் வேண்டும் என்றார்கள். மற்றவர்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்கள். நான் போய் நின்றேன். கூடையைத் தூக்கிக்கொண்டு நடந்து வந்து, நின்று, "இந்த மண்ணும் எம் புள்ள மாதிரிதான்" என்று சொல்ல வேண்டும். மூன்று தடவை எடுத்தார்கள். மூன்றாவது தடவை சொன்னபோது குடை பிடித்துக்கொண்டிருந்தவன்கூட என்னைத் திரும்பிப் பார்த்தான். எனக்குத் தெரியும், நான் நன்றாகத்தான் சொன்னேன்.

மூன்று மாதம் கழித்து மருமகள் அவள் போனில் அதைக் காட்டினாள். முகம் என்னுடையது. கூடை நான் தூக்கிய கூடை. வாய் அசைகிறது, உள்ளேயிருந்து வேறு யாரோ ஒரு பொம்பளையின் குரல் வருகிறது. கோயமுத்தூர்ப் பக்கத்து இழுப்பு. என் வாயில் வேறொருத்தி உட்கார்ந்து பேசுகிற மாதிரி இருந்தது. பண்ணை சூப்பர்வைசரிடம் நம்பர் வாங்கி, எடுத்தவர்களிடமே கேட்டேன்.

"டப்பிங்மா அது. உங்க பேச்சு கொஞ்சம் மிக்ஸா இருக்கு. கன்னடம் மாதிரியும் இருக்கு, தெலுங்கு மாதிரியும் இருக்கு. நடிப்புக் கத்துக்கிட்டவங்கன்னா அவங்க குரலையே வெச்சிருப்போம்."

"கத்துக்கினா என்னையே பேச வுடுவீங்களா?"

"கண்டிப்பாம்மா."

போனை வைப்பதற்காக அவன் சொன்னது அது. நான் அதை வாக்கு என்று எடுத்துக்கொண்டேன்.

முதலில் எங்கள் தெருவுக்குப் பின்னால் இருக்கிற டியூஷன் சென்டரில் போய்க் கேட்டேன். அங்கே டேபிளில் இருந்த பெண் நோட்டைத் திறந்து, "பேரு சொல்லுங்கம்மா. பேரனுக்கா, பேத்திக்கா?" என்றாள்.

"எனக்கு."

அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். உள்ளே பார்த்து, "மேடம், இங்க ஒரு அம்மா வந்திருக்காங்க, கொஞ்சம் வாங்களேன்" என்று கூப்பிட்டாள். திருடி ஒருத்தியைப் பிடித்து வைத்திருக்கிற மாதிரி ஒரு குரல். அந்த மேடம் வந்து மரியாதையாகத்தான் பேசினார்கள். நடிப்பெல்லாம் இங்கே கிடையாது, யோகா இருக்கிறது, முட்டி வலிக்கு நல்லது என்றார்கள். எனக்கு முட்டி வலி இருப்பது நான் படி ஏறியதிலேயே தெரிந்திருக்கும். அதைச் சொல்லிக்காட்டத் தேவையில்லை.

மருமகள்தான் போனில் தேடிப் பார்த்து, "அத்தை, எல்லாமே பெங்களூர்லதான் இருக்குது, இல்லாட்டி மெட்ராஸ். நம்ம ஊருக்குன்னு போட்டா ரெண்டு கல்யாண மண்டபம் வருது" என்றாள். சிரிக்காமல்தான் சொன்னாள். சிரிப்பை அடக்கியிருந்தாள் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை.

பெங்களூருக்குப் போனேன். தனியாகத்தான். அத்திப்பள்ளி தாண்டி, மடிவாளாவில் இறங்கி, ஆட்டோ பிடித்து, விசாரித்து விசாரித்து அவள் காட்டிய நடிப்புப் பள்ளிக்குப் போய்ச் சேரப் பன்னிரண்டு மணி ஆகிவிட்டது. அங்கே இருந்த பெண்ணிடம் கன்னடத்திலேயே பேசினேன். சந்தையில் பழகிய கன்னடம், நாற்பது வருடமாக யாரும் குறை சொன்னதில்லை. அவள் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு, "அஜ்ஜி, நிம்ம கன்னடா தமிழ் தரா இதெ" என்றாள். என் கன்னடம் தமிழ் மாதிரி இருக்கிறதாம். ஓசூரில் என் தமிழ் கன்னடம் மாதிரி. பெங்களூரில் என் கன்னடம் தமிழ் மாதிரி. நான் இரண்டு மாநிலத்துக்கும் நடுவில், அத்திப்பள்ளி செக்போஸ்ட்டில் நின்றுதான் நடிக்க வேண்டும் போலிருக்கிறது. வகுப்பு வாரத்தில் ஐந்து நாள், சாயங்காலம் ஆறிலிருந்து ஒன்பது வரை என்றாள். கொடுத்த படிவம் முழுக்க இங்கிலீஷ். அதை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு பஸ் ஏறினேன். வீட்டுக்கு வந்ததும் அடுப்பில் போட்டிருப்பேன், கேஸ் அடுப்பாகப் போய்விட்டது.

கிருஷ்ணகிரிப் பக்கம் கூத்து ஆடுகிறவர்கள் இருக்கிறார்கள், அங்கே போய்க் கேளுங்கள் என்று ஒருவர் சொன்னார். அதையும் விடவில்லை. அங்கே ஜமா நடத்துகிற கூத்து வாத்தியார் எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார். "பொம்பள வேஷமும் நாங்க ஆம்பளைங்களேதாம்மா கட்டறோம். எங்க ஜமாவுல அப்படித்தான் வழக்கம். ஆட்டம் வெச்சா சொல்லி அனுப்பறேன், முன்னால பாய் போட்டு உக்காந்து பாருங்க" என்றார். ஒரு பொம்பளையாக நடிக்க நான் பொம்பளையாக இருக்கக்கூடாது. அதைக் கேட்டுக்கொண்டு டீயைக் குடித்துவிட்டு வந்தேன்.

இப்படி எட்டு ஒன்பது மாதம் போனது. பிறகு ஒரு நாள் மருமகளே போனை நீட்டினாள். ஓசூரிலேயே, பைப்பும் மோட்டாரும் விற்கிற கடைக்கு மேல் மாடியில், ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு நடிப்புப் பயிற்சி.

மகன் ஆட்டோ பார்ட்ஸ் கம்பெனியில் சூப்பர்வைசர். "எங்க லைன் பசங்க நாலு பேர் அங்க போறாங்கம்மா. நாளைக்கு என்னைப் பாத்து சிரிப்பாங்க. இந்த வயசுல என்னாத்துக்கு இது?" என்றான்.

"நீ சின்னதுல ஸ்கூல் நாடகத்துல மரமா நின்னயே, அதுக்கு நான் சிரிச்சனா?"

அதற்குமேல் அவன் தடுக்கவில்லை. ஆனால் கொண்டுபோய் விடவும் இல்லை. நான் ஷேர் ஆட்டோவில் போனேன்.

நடத்துகிறவர் முப்பத்தைந்து வயதுக்காரர். பெங்களூரிலிருந்து வருவார். ஏதோ சீரியலில் டாக்டராக நாலு எபிசோடு வந்திருக்கிறார். எல்லோரும் சார் என்பார்கள், நானும் சார் என்றேன். என்னை முதல் நாளே பாட்டிம்மா ஆக்கிவிட்டார். எனக்கு அது பிடிக்கவில்லை. மற்றவர்களிடம் வாங்கிய அதே பீஸை என்னிடமும் வாங்கினார், அதில் பாட்டி என்று எதுவும் குறைக்கவில்லை, நானும் கேட்கவில்லை.

வந்தவர்கள் பதினைந்து பேர் இருக்கும். எல்லோரும் கம்பெனி ஆட்கள். இந்த ஊரைப் பற்றித் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். இங்கே ஒரு வாரம் காலை ஷிப்ட், ஒரு வாரம் மதியம், ஒரு வாரம் நைட். அதுவும் ஒரே வாரத்தில் எல்லோருக்கும் ஒரே ஷிப்ட் வராது. ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைம் போட்டால் அன்றைக்கு வகுப்புக்கு ஆள் இல்லை. நைட் முடித்து வருகிறவன் சுவரில் சாய்ந்து தூங்குவான். இந்த வாரம் புருஷனாகப் பேசியவன் அடுத்த வாரம் வரமாட்டான், பெண்டாட்டியாகப் பேசியவள் மட்டும் வருவாள். ஒரு ஜோடி இரண்டு வாரம் சேர்ந்தாற்போல எதிரெதிரே நின்று நான் பார்த்ததில்லை.

ஷிப்ட் இல்லாதவள் நான் ஒருத்திதான். ஒரு வாரம்கூட விடாமல் போனேன்.

அதனால் யாருக்கு ஜோடி வரவில்லையோ அவர்களுக்கு எதிரே என்னை நிற்கவைத்தார் சார். "பாட்டிம்மா, நீங்க கொஞ்சம் அந்த வசனத்தைக் கொடுங்க." ஒரு நாள் நான் போலீஸ்காரன், ஒரு நாள் காதலன், ஒரு நாள் வட்டிக்கடைக்காரன். பேப்பரைப் பார்த்துப் படிக்க எனக்கு நேரமாகும். அங்கே வருகிற ஒரு பெண் எனக்கு வாசித்துக் காட்டுவாள். திருநெல்வேலிப் பக்கத்துப் பெண், செல்போன் பாகம் செய்கிற கம்பெனியில் வேலை, ஹாஸ்டலில் தங்கியிருந்தாள். இருபத்துநாலு வயது.

"இத வாசிக்கேன், கேட்டுக்கிடுங்க ஆச்சி," என்பாள். ஒரு தடவை கேட்டால் எனக்குப் பாதி ஏறும். இரண்டாம் தடவை முழுக்க ஏறிவிடும். "என்ன ஆச்சி, உங்க தலைக்குள்ள என்ன சிப் வெச்சிருக்கு? எங்க கம்பெனிக்கு வாங்க, ஸ்டோர்ல போட்டுருவோம்" என்று கிண்டல் செய்வாள். அவள்மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை, இதை முதலிலேயே சொல்லிவைக்கிறேன்.

இன்னொருவன் சி.என்.சி. மெஷின் ஓட்டுகிறவன். ஊர் தேன்கனிக்கோட்டை தாண்டி. வாரம் ஒரு தடவை அவன் அப்பா போன் செய்து யானை ராகியைத் தின்றுவிட்டது என்று சொல்லுவார். அவன் பக்கத்துப் பேச்சில் பாட்டிக்கு அவ்வா, என்னை அப்படித்தான் கூப்பிடுவான். வட்டிக்கடைக்காரனாக நான் அவனை ஒரு தடவை மிரட்டினேன். முடிந்ததும் அவன் கைகூப்பி, "அவ்வா, எங்க ஊருக்கு ஒரு நாள் வாங்க. கொல்லை ஓரத்துல நின்னு இதே மாதிரி நாலு வார்த்தை பேசுங்க. யானை அஞ்செட்டிக் காட்டுக்கே திரும்பிப் போயிடும்" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்த மாடியில் நான் சிரித்த நாட்களும் இருக்கின்றன.

ஒரு ஞாயிறு சார் எல்லோரையும் கண்ணை மூடச் சொல்லி, வாழ்க்கையில் பட்ட பெரிய துக்கத்தை நினைத்து அழச் சொன்னார். பிள்ளைகள் அழுதார்கள். நான் கண்ணைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். "பாட்டிம்மா, கூச்சத்தை விடுங்க" என்றார். அது கூச்சம் இல்லை. பத்தரை மணிக்கு எடு என்றால் எடுத்து விரிக்கிற பாயா என் துக்கம்? நான் கற்றுக்கொள்ள வந்தது பேசுவதற்கு. அழுவதற்கு எனக்கு வாத்தியார் வேண்டியதில்லை.

ஆறாவது மாதம் சார் ஒரு நாடகம் எழுதிக் கொண்டுவந்தார். அரை மணி நேர நாடகம். ஆயுதபூஜைக்கு ஒரு சின்ன லேத் பட்டறையில் போடுவதாக ஏற்பாடு. இங்கே ஆயுதபூஜை என்றால் மெஷினையெல்லாம் துடைத்துப் பொட்டு வைத்து, வேலை செய்கிறவர்களின் குடும்பத்தை உள்ளே கூப்பிடுவார்கள். பெண்டாட்டி பிள்ளைகள் வருடத்தில் அந்த ஒரு நாள்தான் புருஷன் வேலை செய்கிற மெஷினைப் பார்ப்பார்கள். பொரியும் சுண்டலும் சாக்லேட்டும் கொடுப்பார்கள். பட்டறை முதலாளி கலைநிகழ்ச்சி வேண்டும் என்று கேட்டாராம்.

நாடகத்தில் ஒரு குடும்பம். கம்பெனி வருகிறது என்று புருஷன் பெண்டாட்டியைக் கேட்காமல் நிலத்துக்குப் பேசி முடித்துவிடுகிறான். மகன் அப்பாவின் பக்கம். புரோக்கர் பத்திரத்தைக் கொண்டுவருகிறான். அம்மாவிடம் பேனாவைக் கொடுக்கிறார்கள். அம்மா பேனாவைத் திருப்பிக் கொடுத்துச் சொல்கிறாள்: "நெலம் போனா போவட்டும். என்னை ஒரு வார்த்தை கேக்காம குடுத்தியே, அதுக்கு என் கையெழுத்து கெடையாது."

அந்தத் திருநெல்வேலிப் பெண் இதை வாசித்தபோது ஒரே தடவையில் எனக்கு ஏறிவிட்டது.

எங்களுக்குச் சூளகிரிப் பக்கம் நிலம் இருந்தது. ராகியும் அவரைக்காயும் போட்டுக்கொண்டிருந்தோம். என் வீட்டுக்காரர் அதைப் பேசி முடித்துவிட்டு, ஒரு நாள் காலையில் நல்ல புடவை கட்டிக்கொண்டு வா என்றார். பத்திர ஆபீசில் எனக்கு முன்னால் நின்ற பொம்பளைகள் எல்லோரும் மைப்பெட்டியில் கட்டைவிரலை அமுக்கிக்கொண்டிருந்தார்கள். என் முறை வந்ததும் அங்கிருந்தவர் மைப்பெட்டியை என் பக்கம் தள்ளினார். "எனக்குப் பேரு எழுதத் தெரியும்" என்றேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். வரிசையில் நின்றவர்கள் பார்த்தார்கள். பேனாவை வாங்கி, ஒரு எழுத்தும் கோணாமல் என் பெயரை எழுதினேன். ஒவ்வொரு பக்கத்திலும் எழுதினேன். நன்றாக எழுத வேண்டும் என்பதிலேயே புத்தி இருந்தது. எதில் எழுதுகிறேன், எதற்கு எழுதுகிறேன் என்று ஒரு வார்த்தை நான் கேட்கவில்லை. இப்போது அந்த இடத்தில் ஒரு கோடவுன் இருக்கிறது. என் வீட்டுக்காரரும் இல்லை. அவர்மேல் பாதிக் கோபம், என்மேல் பாதிக் கோபம். என்மேல் இருக்கிற பாதிதான் ஆறவில்லை.

அன்றைக்கு நான் சொல்லாத வார்த்தை அந்தப் பேப்பரில் இருந்தது. நாலு பேர் முன்னால் நின்று ஒரு தடவை, என் குரலில், அதைச் சொல்லிவிட வேண்டும். விளம்பரமெல்லாம் எனக்கு மறந்தே போனது. அந்த அம்மா வேஷம் வேண்டும், அவ்வளவுதான்.

அது எனக்குத்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கேட்கவும் இல்லை. அங்கே இருந்தவர்களில் தலை நரைத்தவள் நான் ஒருத்திதான், வேறு யாருக்குக் கொடுப்பார்கள்.

சார் அதைத் திருநெல்வேலிப் பெண்ணுக்குக் கொடுத்தார்.

அவளே, "சார், ஆச்சி இருக்காங்கல்லா?" என்றாள்.

"பாட்டிம்மாவை நாம டென்ஷன் பண்ணவேணாம். மேடையில பி.பி. ஏறிச்சுன்னா யார் பதில் சொல்றது? அவங்களுக்கு நாலு பேர் வசனமும் மனப்பாடம். சைடுல நின்னு எல்லாருக்கும் எடுத்துக் கொடுப்பாங்க. அதான் பெரிய வேலை."

எனக்குப் பி.பி. கிடையாது. சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று கேட்டால், கேட்டு வாங்கிய வேஷத்தைக் கட்ட எனக்கு மனம் வரவில்லை. அவராகப் பார்த்துக் கொடுக்க வேண்டும். இந்த வீம்பால் நான் எத்தனை விட்டிருக்கிறேன் என்று எனக்கே தெரியும்.

ஒரு ஞாயிறு அவளுக்கு ஓவர்டைம். வந்தவன் தேன்கனிக்கோட்டைக்காரன் மட்டும், அவன்தான் புருஷன் வேஷம். சார் என்னை அம்மாவாக நிற்கச் சொன்னார். நின்றேன். பேனாவைக் கையில் வாங்கி, அவன் முகத்தைப் பார்த்து, அந்த வசனத்தைச் சொன்னேன். கத்தவில்லை, மெதுவாகத்தான் சொன்னேன். அவனுக்கு அடுத்த வசனம் வரவில்லை.  "என்னா அவ்வா இது" என்றான், அவ்வளவுதான்.

சார் ஜன்னல் பக்கம் போனில் பேசிக்கொண்டிருந்தார். திரும்பி, "சூப்பர் பாட்டிம்மா, இப்படித்தான் எடுத்துக் கொடுக்கணும்" என்றார்.

ஆயுதபூஜை அன்றைக்குக் காலை பத்து மணிக்கு நாடகம். எல்லாக் கம்பெனிக்கும் லீவு என்பதால் ஆறு மாதத்தில் முதல் தடவையாக எல்லோரும் ஒரே இடத்தில் கூடினார்கள். பட்டறைக்குள் மரப் பேலட்டுகளைச் சேர்த்துப் போட்டு மேலே கார்ப்பெட் விரித்து மேடை. இரண்டு பக்கமும் வாழைக்கன்று கட்டிய லேத்துகள். உடைத்த பூசணியின் குங்குமம் தரையில் இருந்தது. ஒரு பெரிய மெஷினுக்குப் பின்னால், மேடைக்கு வலது பக்கம், எனக்கு ஸ்டூல் போட்டிருந்தார்கள்.

அந்தப் பெண்ணின் தலைக்குப் பவுடர் போட்டு நரையாக்கினார்கள். கண்ணுக்குக் கீழே பென்சிலால் சுருக்கம் வரைந்தார்கள். என் எதிரில் வைத்துத்தான் வரைந்தார்கள். நான் இரண்டடி தள்ளி உட்கார்ந்திருந்தேன். "நரை சரியா இருக்கா ஆச்சி?" என்று என்னையே கேட்டாள். நெற்றி ஓரத்தில் இன்னும் கொஞ்சம் போடச் சொன்னேன். அங்கேதான் முதலில் நரைக்கும்.

நாடகம் தொடங்கியதும்தான் அந்தக் கூத்து நடந்தது. இது யாருக்கும் முன்னாலேயே தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. ஆறு மாதமாக ஒவ்வொருவரும் என் முகத்தைப் பார்த்துத்தான் பேசிப் பழகியிருக்கிறார்கள். புருஷனுக்குப் பெண்டாட்டி நான், மகனுக்கு அப்பா நான், புரோக்கருக்கு எல்லோரும் நான். மேடையில் பெண்டாட்டி பக்கத்திலேயே நிற்கிறாள். தேன்கனிக்கோட்டைக்காரன் அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, நேராக மெஷின் பக்கம் திரும்பி, என்னைப் பார்த்து, "அடியே, சோறு போடு" என்றான். மகனாக வந்தவனும் என் பக்கமே பேசினான். புரோக்கர் பத்திரத்தை மெஷினுக்கு நீட்டினான். பொரி தின்றுகொண்டிருந்த குழந்தைகள் எழுந்து, அங்கே யார் இருக்கிறார்கள் என்று எட்டிப் பார்த்தார்கள். ஒரு பொம்பளை, "மெஷினுக்குத்தான் ஆயுதபூஜை, அதான் அதுங்கிட்டயே பேசறாங்க" என்றாள். பட்டறையே சிரித்தது. சார் அந்தப் பக்கத்திலிருந்து கையை ஆட்டினார். நானும் அந்தப் பக்கம் திரும்பு, அந்தப் பக்கம் திரும்பு என்று கையைக் காட்டினேன். கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பினார்கள். மகனுக்கு மூன்று வசனம் எடுத்துக் கொடுத்தேன், புரோக்கருக்கு இரண்டு. உண்மையாகத்தான் கொடுத்தேன்.

பிறகு அந்த இடம் வந்தது. பத்திரத்தை விரித்தார்கள். பேனாவைக் கொடுத்தார்கள். அவள் வாங்கினாள். வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை.

என் பக்கம் திரும்பினாள். எனக்கும் அவளுக்கும் நடுவில் ஆறடி இருக்கும். வசனம் என் நாக்கில் இருந்தது. முதல் இரண்டு வார்த்தையைச் சொன்னால் போதும், மிச்சத்தை அவள் பிடித்துக்கொள்வாள். நான் வாயைத் திறக்கவில்லை.

திட்டம் போட்டுச் செய்யவில்லை. திட்டம் போடவில்லை என்பதால் குற்றம் குறைந்துவிடும் என்றும் சொல்லவில்லை. அந்தப் பவுடர் போட்ட தலையைப் பார்த்தேன். நீ இதை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டு போகமுடியாது என்று மட்டும் தோன்றியது. அவள் கண் என்னைக் கெஞ்சியது. நான் அவளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சிரித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் அடங்கிவிட்டார்கள். 

அவள் கண்ணில் தண்ணீர் வந்தது. பயத்தில் வந்த தண்ணீர்.  பேனா நழுவிக் கீழே விழுந்து உருண்டது. அவள் அதை எடுக்கவில்லை. இல்லை, இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினாள். எனக்கு வரவில்லை, என்னால் முடியவில்லை என்று என்னிடம்தான் ஆட்டினாள். பார்த்தவர்களுக்கு அது எப்படித் தெரியும்? பத்திரம் வேண்டாம் என்று அந்த அம்மா தலையை ஆட்டுகிறாள் என்றுதான் நினைத்தார்கள். முன்வரிசையில் முதலாளியின் மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். பின்னால் யாரோ கை தட்டினார்கள், பிறகு எல்லோரும் தட்டினார்கள். விசில் அடித்தார்கள். அத்தோடு நாடகத்தை முடித்துவிட்டார்கள்.

சார் ஓடிவந்து அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார். "நான் எழுதின வசனத்தைவிட அந்த மௌனம் பெருசு. இதான் நடிப்பு" என்று எல்லோரையும் கூப்பிட்டுச் சொன்னார்.

நான் ஸ்டூலிலேயே இருந்தேன். தேன்கனிக்கோட்டைக்காரன் சுண்டல் கொண்டுவந்து கொடுத்தான். என்னை ஒரு தடவை பார்த்தான்.  அவனுக்குத் தெரிந்திருக்கும்.

அவள் முகம் கழுவாமலேயே என்னிடம் வந்தாள். பவுடர் கழுத்தில் எல்லாம் வழிந்திருந்தது. என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"ஆச்சி, நீங்க வேணும்னுதான சொல்லாம இருந்தீங்க?"

நான் கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தேன், அவள் விடவில்லை.

"நீங்க எடுத்துக் குடுத்திருந்தா நான் கிளிப்பிள்ள மாதிரி ஒப்பிச்சிட்டுப் போயிருப்பேன். நானா தேடட்டும்னுதான விட்டீங்க? எனக்கு அப்பவே வெளங்கிட்டு ஆச்சி."

இல்லை என்று சொல்ல வேண்டிய இடம் அது. உன்மேல் வயிற்றெரிச்சல், அதனால் சொல்லவில்லை என்று சொல்லியிருக்கலாம். சுற்றிலும் ஆள் நின்றார்கள். சாரும் நின்றார். முதல் தடவையாக அவர் என்னைக் கொஞ்சம் மரியாதையோடு பார்த்தார்.

"ஆமா" என்றேன்.

இரண்டு மாதத்தில் சார் வருவது நின்றது. அந்த மாடியில் இப்போது ஒடிசா பையன்கள் பத்துப் பேர் தங்கியிருக்கிறார்கள். ஓசூரில் நடிப்புக் கிளாஸ் மறுபடி இல்லை. நான் பலகைகளைப் படிப்பதையும் விட்டுவிட்டேன். அந்தப் பெண் கம்பெனியை விட்டுவிட்டுச் சென்னைக்குப் போய்விட்டாள். பட்டறையில் எடுத்த வீடியோவைப் பார்த்து ஒரு குறும்படத்தில் கூப்பிட்டார்களாம். சின்னச் சின்ன வேஷம் வருகிறது என்கிறாள். கேட்கிறவர்களிடமெல்லாம், எனக்குச் சொல்லிக்கொடுத்தது எங்க ஓசூர் ஆச்சிதான் என்று என்னைச் சொல்கிறாளாம்.

மாதம் ஒரு தடவை மருமகளின் போனுக்குக் குரல் பதிவு அனுப்புவாள். கடைசிவரை கேட்பேன். பதில் அனுப்ப எந்த இடத்தை அமுக்க வேண்டும் என்று மருமகள் காட்டிக்கொடுத்திருக்கிறாள், தெரியாமல் இல்லை. அமுக்கிப் பிடித்துக்கொண்டு, சாப்பிட்டாயா, உடம்பைப் பார்த்துக்கொள் என்று பேசுவேன். நீ நினைக்கிற மாதிரி இல்லை என்று இதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. என் கையெழுத்து கெடையாது என்கிற அந்த வசனத்தை ஆட்கள் முன்னால் நின்று இதுவரை யாரும் சொல்லவில்லை. அவளும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.